கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கும் ஒரு வழி

மகளிர் நோய் மருத்துவரைப் பார்க்க ஒரு பெண்ணுக்கு வேறொரு மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. மருத்துவச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது. அரசு செலவை ஏற்கும் பிரிட்டனில் முதலில் குடும்ப மருத்துவரிடம் போக வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தால்தான் சிறப்பு மருத்துவர். பாலியல் நலக் கிளினிக்குகள் மட்டும் அங்கு விலக்கு. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் செலவைக் குறைக்க இதே முறையைக் கொண்டுவந்தன. ஆண்டுதோறும் தேவைப்படும் சாதாரணப் பரிசோதனைக்குக்கூட அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருப்பதாகப் பெண்கள் எதிர்த்தார்கள். 1990களில் பல மாநிலங்கள் மகளிர் மருத்துவத்துக்கு மட்டும் சீட்டு தேவையில்லை என்று சட்டம் இயற்றின. 2010இல் வந்த ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது.

இந்தியாவில் செலவில் ஒரு பெரிய பங்கை நோயாளியின் குடும்பமே கொடுக்கிறது. அதனால் இங்கே இந்தச் சண்டை நடக்கவில்லை. மதுரையில் ஒரு பெண் கே.கே.நகரிலோ அண்ணா நகரிலோ பைபாஸ் ரோட்டிலோ உள்ள தனியார் கிளினிக்குக்கு போன் செய்து டோக்கன் வாங்கிக்கொண்டு மாலையில் நேராகப் போய் உட்காரலாம். கோரிப்பாளையத்தில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனையிலும், அதாவது ஊரார் வாயில் பெரியாஸ்பத்திரியிலும், ஓ.பி. சீட்டு எடுத்துவிட்டால் மகளிர் பிரிவுக்குப் போக யாருடைய கடிதமும் தேவையில்லை. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி அரசு மருத்துவமனைகளிலும் இதே நடைமுறைதான். ஏட்டளவில் பார்த்தால், அமெரிக்கப் பெண்கள் சட்டம் போட்டு வாங்கியது மதுரைப் பெண்ணுக்குக் கேட்காமலே கிடைத்திருக்கிறது.

சீட்டு இல்லாமல் முடியாது என்ற நிலை ஊருக்குள் சில இடங்களில் உண்டு. அவற்றில் பெரியது தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகமான ஈ.எஸ்.ஐ. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த இந்தத் திட்டத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளர்கள் சேர்க்கப்படுகிறார்கள். மதுரையைச் சுற்றியுள்ள நூற்பாலைகள், ஆயத்த ஆடைக்கூடங்கள், ஜவுளிக்கடைகள், தனியார் மருத்துவமனைகள் ஆகியவற்றில் வேலை பார்க்கும் பெண்களில் கணிசமானோர் இதற்குள் வருகிறார்கள். இவர்கள் முதலில் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும். அங்குள்ள மருத்துவர் எழுதித் தந்தால் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, அங்கே வசதி இல்லையென்றால் மறுபடி எழுதி வெளி மருத்துவமனை. முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான பாலிகிளினிக்கிலும், ரயில்வே ஊழியர் குடும்பங்களுக்கான ரயில்வே மருத்துவமனையிலும், வெளியே சிகிச்சை பெற இதே ஏற்பாடுதான். படைக்கு ஆள் அனுப்பிய கிராமங்கள் பல உள்ள வட்டாரம் இது என்பதால் பாலிகிளினிக் வரிசையும் சிறியதல்ல.

மாதவிடாய் நிற்காமல் போகும் ஒரு மில் தொழிலாளிக்கு இந்த முறை என்ன செய்கிறது என்பதைக் கணக்கிடுவது எளிது. டிஸ்பென்சரிக்கு அரை நாள், மருத்துவமனைக்கு ஒரு நாள், ஸ்கேன் எடுக்க இன்னொரு நாள். முதல் அரை நாளில் டிஸ்பென்சரியில் இருப்பவர் ஆண் மருத்துவராக இருந்தால் பாதிப் பேர் விஷயத்தைச் சொல்லாமல் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். இந்தச் சீட்டினால் கழகத்துக்கு மிச்சமாகும் பணம் அற்பம். நோய் முற்றியபின் ஆகும் செலவு அதைவிடப் பெரிது. மகளிர் பிரிவின் புறநோயாளிப் பரிசோதனைக்கு மட்டும் டிஸ்பென்சரிச் சீட்டு தேவையில்லை என்று ஒரு நிர்வாக ஆணை போட்டாலே போதும். நாடாளுமன்றம் வரை போக வேண்டிய காரியமே அல்ல.

ஆனால் சீட்டுமுறைக்குள் இருப்பவர்கள் மாவட்டத்துப் பெண்களில் ஒரு பகுதியினர்தான். மற்றவர்களுக்குக் கதவு திறந்தே இருந்தும் ஏன் உள்ளே போவதில்லை என்பது வேறு கேள்வி. அதற்கு, பெண்களுக்கான மருத்துவம் இந்த வட்டாரத்துக்கு எந்த வழியாக வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்டப் பெண்கள் வரவில்லை. ஆகவே பெண் மருத்துவர் வேண்டும் என்ற நிலையில்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது ஆரம்பமானது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப்பின் முயற்சியில் 1885இல் சென்னையில் கோஷா மருத்துவமனை தொடங்கப்பட்டது. மதுரைக்கு ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்க மிஷன் பாலின் ரூட் என்ற பெண் மருத்துவரை அனுப்பியது. 1895இல் வந்த ஹேரியட் பார்க்கர் பல ஆண்டுகள் இங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவம் பார்த்தார். கீழவெளி வீதியில் இன்றும் இயங்கும் கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனை அந்தப் பணியின் வழிவந்தது. டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம், இளம் வயதில் கணவரை இழந்தபின் டெல்லியில் மருத்துவம் படித்தார், ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டு 1947இல் சின்னாளப்பட்டியருகே காந்திகிராமத்தை நிறுவினார். அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனை சுற்றுவட்டாரத்துப் பிரசவங்களுக்குப் பெயர் பெற்றது. இவர்களிடம் வந்த பெண்கள் யாரும் சீட்டோடு வரவில்லை. பெண் மருத்துவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு மாட்டுவண்டி கட்டி வந்தார்கள். அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் பிரசவம் சிக்கலாகிப்போனவர்கள். பெண்ணுக்கு மருத்துவம் என்றாலே பிரசவம் என்ற எண்ணத்துக்கு அன்றே அடித்தளம் விழுந்துவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு அந்த அடித்தளத்தின் மேல் கட்டியது. கட்டியதை நன்றாகவே கட்டியது என்று சொல்ல வேண்டும். இன்று சேடபட்டி ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் அவள் எங்கும் போய் நிற்க வேண்டியதில்லை. கிராம சுகாதார செவிலியர் அவளைத் தேடி வருவார். கர்ப்பம் பதிவாகி, பிக்மி எண் தரப்படும். அந்த எண் இருந்தால்தான் பிறகு பிறப்புச் சான்றிதழ் சிக்கலில்லாமல் வரும் என்பதால் வசதியுள்ள வீடுகளும் பதிகின்றன. இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாந்திரப் பரிசோதனை, ஸ்கேன், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியாக ரொக்கமும் பொருளுமாக 18,000 ரூபாய், வலி வந்தால் 108 என்று எல்லாமே வரிசையாக நடக்கும். சிக்கலான பிரசவங்களுக்கு 24 மணிநேரமும் அறுவை சிகிச்சை செய்யும் சீமாங்க் மையங்கள் 2000களின் நடுப்பகுதியிலிருந்து வட்ட அளவிலான மருத்துவமனைகள் வரை வந்தன. 2001-03இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 ஆக இருந்த தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. அவற்றில் அறுவை சிகிச்சை 44.9 சதவீதம் என்பது தனியாகப் பேசப்பட வேண்டிய விஷயம்.

அந்த ஏற்பாட்டில் கர்ப்பிணியின் கையில் ஒரு எண் இருக்கிறது. அவளை எந்தத் தேதியில் எங்கே பார்க்க வேண்டும் என்பது சுகாதாரத் துறைக்குத் தெரியும். பிரசவம் முடிந்து, குழந்தைக்குத் தடுப்பூசிகள் போட்டு, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் செய்தபின் அவள் அந்தப் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறாள். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் 30 வயதை எட்டும் முன்பே நடந்துவிடுகிறது. கர்ப்பப்பையின் மற்ற நோய்கள் தலைகாட்டும் காலம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பெரும்போக்கு, வெள்ளைப்படுதல், கர்ப்பப்பைக் கட்டி, கர்ப்பப்பை இறக்கம், சிரித்தாலும் இருமினாலும் சிறுநீர் கசிவது, மாதவிடாய் நின்று சில வருடங்கள் கழித்து மறுபடி ரத்தம் படுவது ஆகியவை 30 முதல் 60 வயதுவரையான பெண்களின் பொதுவான தொல்லைகள். கடைசியாகச் சொன்னது புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாதது. இவற்றில் ஏதேனும் ஒன்றுடன் பேரையூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி எங்கே போவாள்? பெரும்பாலும் முதலில் மருந்துக்கடைக்கு. அங்கே ரத்தப்போக்கை நிறுத்தும் மாத்திரை சீட்டில்லாமல் கிடைக்கிறது. அது இரண்டு மாதம் தாங்கும். அதற்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே மகளிர் சிறப்பு மருத்துவர் இருக்கமாட்டார். செவ்வாய்க்கிழமை போன்ற நாட்களில் கர்ப்பிணிகளுக்கு நடக்கும் பரிசோதனையில் மற்றப் பெண்கள் உட்கார்வதில்லை. உட்கார்ந்தால் ஊர் வேறு விதமாகப் பேசும்.

அடுத்தது வட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனை. அங்கே சிறப்பு மருத்துவர் பணியில் இருக்கிறார். ஆனால் அவருடைய வேலைநேரம் பிரசவ வார்டுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அவசர சிசேரியன் ஒன்று வந்தால் ஓ.பி.யில் காத்திருக்கும் வெள்ளைப்படுதல்காரியை விட்டுவிட்டு ஓடத்தான் வேண்டும். அதில் அவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காத்திருந்தவள் திரும்பி வருவாளா என்பது நிச்சயமில்லை. மிஞ்சுவது பெரியாஸ்பத்திரி. நாலு மாவட்டத்து நோயாளிகளும் வந்து சேரும் இடம்.

தூரம் முன்புபோல் பெரிய தடையில்லை. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் விடியல் பயணத் திட்டத்தால் சாதாரண டவுன் பஸ்களில் டிக்கெட் கிடையாது. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் பெண்கள் கைக்காசு கரையாமல் மதுரைக்கு வந்துபோகிறார்கள். மருத்துவத்தைப் பொறுத்தவரை சுகாதாரத் துறையின் பல அறிவிப்புகளைவிட இந்தப் போக்குவரத்துத் துறை ஆணை அதிகம் செய்திருக்கக்கூடும். தடையாக எஞ்சியிருப்பது நேரம். அரசு மருத்துவமனை ஓ.பி. காலையில் திறந்து நண்பகலில் மூடிவிடும். மதுரையைச் சுற்றிய சமவெளியில் மல்லிகை எடுக்கும் பெண்ணின் வேலை விடிவதற்கு முன் ஆரம்பித்து, பூ மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போகும்வரை ஓயாது. நூறு நாள் வேலைக்குப் போகிறவள் காலையில் வருகைப்பதிவு கொடுத்தாக வேண்டும். நாற்று நடவும் களையெடுப்பும் காலை வேலைகளே. மாலையில் கதவைத் திறந்துவைப்பது பெரும்பாலும் தனியார் கிளினிக்தான். ஏழைப் பெண்ணும் அங்கே காசு கொடுத்துப் போவதற்கு அரசு மருத்துவத்தின் மீதான அவநம்பிக்கையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். கடிகாரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

உள்ளே போனபின் கேட்கப்படும் முதல் கேள்வியும் ஒரு தடைதான். வயதும் தொல்லையும் கேட்பதற்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பது அரசு, தனியார் வேறுபாடின்றி எங்கும் வழக்கம். மாதவிடாய் ஒழுங்கில்லாத கல்லூரி மாணவியும், 40 வயதுவரை மணமாகாத பெண்ணும், கணவர் விட்டுப்போனவளும் அந்த ஒரு கேள்வியில் சுருங்கிப்போகிறார்கள். கேள்விக்கு மருத்துவத் தேவை உண்டு என்பதை மறுக்க முடியாது. வரிசையில் நிற்கும் பத்துப் பேர் காதுபட அதைக் கேட்க எந்தத் தேவையும் இல்லை.

சட்டம் இந்த இடத்தில் பெண்ணின் பக்கம் நிற்கிறது, நடைமுறை நிற்பதில்லை. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் எங்கும் கேட்கவில்லை. 2021இல் வந்த திருத்தம் குறிப்பிட்ட பிரிவினருக்குக் கால வரம்பை 24 வாரமாக நீட்டியது. மணமாகாத பெண்களும் அதில் அடக்கம் என்று 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைக்கும் துணைவரின் சம்மதம் சட்டத் தேவை அல்ல. ஆனாலும் வீட்டுக்காரரைக் கூட்டிவா என்பது பல இடங்களில் நிற்கவில்லை. பின்னால் தகராறு வந்தால் என்ன செய்வது என்ற மருத்துவமனையின் பயமே அதற்குக் காரணம். 18 வயதுக்குக் கீழ் மணமுடித்து வைக்கப்பட்ட சிறுமியின் நிலை இன்னும் சிக்கல். சிறார் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். கணவன் சிறைக்குப் போவான் என்ற பயத்தில் அவளை வீட்டார் மருத்துவமனைப் பக்கமே அழைத்து வருவதில்லை. அதே 2022 தீர்ப்பு, சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் கருக்கலைப்புக்கான தகவலில் அவளுடைய பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று ஒரு வழி காட்டியிருக்கிறது. இந்தத் தகவல் கிராம சுகாதார செவிலியர் வாயிலாக வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

சீட்டு இல்லாத முறைக்கு ஒரு விலையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் வாதம் நேர்மையாக இருக்காது. முதல்நிலை மருத்துவர் என்ற வடிகட்டி இல்லாதபோது, சிறப்பு மருத்துவரிடம் போகும் பெண்ணின் எல்லாத் தொல்லைக்கும் கர்ப்பப்பையே காரணமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. 45 வயதில் அரிப்பும் வெள்ளைப்படுதலுமாக வருகிறவளுக்குச் சர்க்கரை பார்த்தால் விஷயம் முடிந்துவிடலாம். பெரும்போக்குக்குப் பின்னால் தைராய்டு இருக்கலாம். இதையெல்லாம் சொல்ல ஒரு நல்ல பொது மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ போதும். அவர்கள் இல்லாத இடத்தில், ஸ்கேனில் ஒரு சிறு கட்டி தெரிந்ததும் எடுத்துவிடலாம் என்ற யோசனை சீக்கிரம் வந்துவிடுகிறது. பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி அது எதற்கு என்று வீட்டிலும் சொல்கிறார்கள். அவளும் மாதாமாதம் படும் அவஸ்தை தீர்ந்தால் போதும் என்று தலையாட்டுகிறாள். இந்தியாவில் நடக்கும் கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சைகளில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாதவை தனியார் மருத்துவமனைகளில் நடக்கின்றன என்று தேசிய குடும்பநல ஆய்வுகள் காட்டுகின்றன.

ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்பட்டதாக மருத்துவர் நரேந்திர குப்தா தொடர்ந்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது அதன் உத்தரவு. 40 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் செய்யப்படும் ஒவ்வொரு அறுவை சிகிச்சையும் காரணத்தோடு பதிவாக வேண்டும் என்பது அந்த நெறிகளில் முக்கியமானது. இதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, 2008இல், சமீரா கோலி வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொரு அடிப்படையை நிலைநாட்டியிருந்தது. டெல்லியில் நோயறியும் சோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயின் சம்மதத்தை வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றினார்கள். உயிருக்கு ஆபத்தில்லாதபோது அவள் கண் விழிக்கும்வரை காத்திருந்து அவளிடமே கேட்டிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஆக, ஒரு பக்கம் சீட்டு கேட்டுத் தாமதப்படுத்துவதும் வேண்டாம். இன்னொரு பக்கம் மருந்துக்கடையிலிருந்து நேராக ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில், அழைக்காமலே வந்து கேட்கக்கூடிய, பயிற்சி பெற்ற ஒரு பெண் ஊருக்குள் இருக்க வேண்டும். இது ஏட்டில் எழுதிய கற்பனை அல்ல என்பதற்கு அத்தாட்சி மதுரைக்கு அடுத்த மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு, பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் ரெங்கசாமி சங்கரநாராயணனும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், இந்த மையமும் சேர்ந்து திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 30 முதல் 59 வயதுவரையுள்ள 49,311 பெண்கள் பரிசோதனைப் பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். பரிசோதனை செய்தவர்கள் செவிலியர்கள். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், பாதிக்கப்பட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். நுண்ணோக்கியோ ஆய்வகமோ வேண்டாம், செலவு சொற்பம். சந்தேகம் தெரிந்தவர்களுக்குக் கருவி வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதையும், தசை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதையும், தகுதியுள்ளவர்களுக்கு உறைகுளிர் சிகிச்சை கொடுப்பதையும் அந்தச் செவிலியர்களே செய்தார்கள். புற்றுநோய் என்று தெரிந்தவர்கள் மட்டும் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்கள்.

வந்து காட்டியவர்கள் 31,343 பேர், அதாவது மூன்றில் இரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கணவன்மாரும் மாமியார்களும் விடமாட்டார்கள் என்று சொல்லப்பட்ட கிராமங்களில் இந்த எண்ணிக்கை சாதாரணமானதல்ல. 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. சிறப்பு மருத்துவர் ஊருக்கு வரவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த வேலை வந்தது. அதுவே உயிர்களைக் காத்தது. உலக நாடுகள் பலவற்றின் திட்டங்களுக்கு இந்த ஆய்வு சான்றாயிற்று.

தமிழ்நாட்டு அரசும் அதே 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இந்தப் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கி, 2012இலிருந்து மாநிலம் முழுவதற்கும் விரித்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றாநோய்ப் பிரிவுச் செவிலியர்கள் இதைச் செய்கிறார்கள். 30 வயதுக்கு மேற்பட்ட பெண் நேராகப் போய்க் கேட்கலாம். கட்டணமும் சீட்டும் கிடையாது. ஆனால் 2019-21 ஆய்வில், 30-49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம் மட்டும். நாட்டின் சராசரி 1.9 சதவீதம் என்பதால் நாம் முன்னணியில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். 70 சதவீதம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2030 இலக்கோடு வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல நா எழாது. அம்பிளிக்கை முறையில் செவிலியர் ஊருக்குப் போனார், வீடு வீடாக அழைப்பு போனது. அரசுத் திட்டத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வந்தவளை, அதே செவிலியர் அதே நெரிசலில், மறைப்புத் திரை இருந்தால் உண்டு என்ற நிலையில், இதையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். பெரும்பாலானவர்கள் அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

இலங்கை இதற்கு வேறொரு ஏற்பாடு செய்தது. 1996இலிருந்து அங்கே சுகாதார மருத்துவ அதிகாரி பிரிவுகளில் பெண்களுக்கென்றே தனி கிளினிக்குகள் நடக்கின்றன. தமிழ்ப் பகுதிகளில் சுகவனிதையர் கிளினிக் என்று பெயர். 35 வயதை எட்டிய பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகம், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கப்படுகின்றன. பிரசவ காலத்தில் வீட்டுக்கு வந்துபோன அதே மருத்துவமாதுதான் நாள் குறித்து அழைக்கிறார். பிள்ளைப்பேறு முடிந்ததும் பெண்ணின் பெயர் பதிவேட்டிலிருந்து விழுந்துவிடாமல் இருப்பதே அந்த ஏற்பாட்டின் பலம்.

மதுரைக்கு முன்மாதிரி தேடிக் கடல் தாண்டவும் வேண்டியதில்லை. 1976இல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்துக் கண் பரிசோதனையின் பெரும்பகுதியை அவர்களிடம் ஒப்படைத்தது. சிற்றூர்களில் உள்ள அதன் விஷன் சென்டர்களில் அந்தப் பெண்கள் பரிசோதித்து, மதுரையில் இருக்கும் கண் மருத்துவருக்குப் படத்தை அனுப்பி, அவரை வீடியோவில் நோயாளியோடு பேசவைக்கிறார்கள். நோயாளிக்கு இதற்கு யாருடைய பரிந்துரையும் வேண்டாம். சிறப்பு மருத்துவரின் நேரமும் வீணாவதில்லை. கண்ணுக்குச் செய்ததைக் கர்ப்பப்பைக்கு அப்படியே செய்ய முடியாது. திரையில் காட்டி முடிக்கக்கூடிய உறுப்பு அல்ல அது. ஆனால் கேட்டறிவது, முதல் பரிசோதனை, யாரை எவ்வளவு சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்ற தீர்மானம் ஆகிய மூன்றையும் பயிற்சி பெற்ற செவிலியர், தொலைவில் உள்ள மருத்துவரின் துணையோடு செய்ய முடியும்.

அதற்கான ஆட்களும் பெருமளவு இருக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மகளிர் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தக் கருவியோடும் சர்க்கரை மாத்திரையோடும் வீடுகளுக்குப் போய்வருகிறார்கள். மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டதா, அதிகமாகப் போகிறதா, ஏதாவது இறங்கியிருப்பதுபோல் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளை அவர்கள் தங்கள் நோட்டில் சேர்த்துக்கொண்டாலே எத்தனையோ பேர் இரண்டு ஆண்டு முன்கூட்டி மருத்துவரிடம் போய்ச் சேர்வார்கள். அப்படி அனுப்பப்படும் பெண்ணின் கையில் உள்ள சீட்டு, அவளைத் தடுப்பதற்கு அல்லாமல் வரிசையில் முன்னே விடுவதற்கு உதவ வேண்டும். சீட்டில்லாமல் நேராக வருகிறவளுக்கும் கதவு இப்போதுபோலவே திறந்திருக்க வேண்டும்.

வட்ட மருத்துவமனைகளில் வாரத்துக்கு இரண்டு மாலை, நான்கு மணியிலிருந்து ஏழு மணிவரை, கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு மட்டுமான ஓ.பி. நடத்தலாம். அந்த நேரத்தில் அந்த மருத்துவரைப் பிரசவ வார்டு அழைக்கக் கூடாது. இதற்கு மருத்துவமனைக்கு ஒருவராவது கூடுதலாக வேண்டியிருக்கும். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் மூன்றில் முதலில் தொடங்கினால் மூன்று பணியிடங்கள். அறையில் திரையும் வெளிச்சமும் பூட்டக்கூடிய கதவும் வேண்டும். தாய் மரணங்களை மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒவ்வொன்றாக ஆய்வு செய்யும் வழக்கம் ஏற்கனவே இருக்கிறது. 40 வயதுக்குக் கீழ் அகற்றப்பட்ட கர்ப்பப்பைகளின் பட்டியலும், அரசு, தனியார் இரண்டிலிருந்தும், காரணங்களோடு அதே கூட்டத்துக்கு வந்தால் உச்ச நீதிமன்ற உத்தரவும் நிறைவேறும், மாலை ஓ.பி.யால் எத்தனை பெண்கள் அந்தப் பட்டியலுக்குப் போகாமல் தப்பினார்கள் என்பதையும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.